எதுவரைக்கும்னு எழுதியிருக்கா?

என் தம்பிக்கு அப்ப ரெண்டு வயசு, நான் ஆறாவது. பாம்பன்ல எங்க வீடு தென்கடல் பக்கம். அப்பா தொழிலுக்குப் போயிருந்தாங்க, அம்மா விடியக்காலையிலயே கடல்பாசி எடுக்கப் போயாச்சு, தம்பிக்கு ராத்திரியிலருந்து வயித்தால போய்க்கிட்டே இருக்கு, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. பக்கத்து வீட்டு அத்தை கடையிலருந்து ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், அதான் வயித்தால போனா தண்ணியில கரைச்சுக் குடுக்குற உப்பு சர்க்கரைத் தூளு, வாங்கிட்டு வந்து என் கையில குடுத்து, "ஏத்தா, நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, எப்பிடிக் குடுக்கணும்னு பாத்துச் சொல்லு"ன்னாங்க.

பின்னாடி மொத்தமே நாலு வரிதான். "டிஸால்வ்" எனக்குத் தெரியும், கரைக்குறது, சயின்ஸ் பாடத்துல வந்துருக்கு. "வாட்டர்" தெரியும். "என்டயர் கன்டென்ட்ஸ்" தெரியல, தாண்டிட்டேன். "ஒன் லிட்டர்"னு இருந்ததப் பாத்தேன், ஆனா ரெண்டு வயசுப் புள்ள எங்க ஒரு லிட்டர் குடிக்கப் போகுதுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். ஒரு டம்ளர் தண்ணி, அதுல பாதிப் பாக்கெட், நல்லாக் கலக்கிக் குடுத்தேன். குடிக்கக் குடிக்க அவனுக்குத் தாகம் கூடிக்கிட்டே போச்சு, அழுகை நிக்கல. சாயங்காலம் வந்த நர்ஸம்மா டம்ளர வாங்கி நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்துட்டு அப்பிடியே கீழ ஊத்திட்டு, ஒரு லிட்டர் பாட்டில்ல அளந்து தண்ணி எடுத்து, புதுப் பாக்கெட்ட முழுசாக் கொட்டிக் கரைச்சுக் காட்டுனாங்க. உப்பு கூடுனா குடலு தண்ணிய உள்ள இழுக்காது, உடம்புல இருக்க தண்ணியத்தான் வெளிய இழுக்கும், ரத்தத்துல உப்பு ஏறிரும், சின்னப் புள்ளைக்கு அது உசிருக்கே ஆபத்துன்னு எனக்கு அப்புறம் பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. இப்ப வர்ற ஒரு லிட்டர் பாக்கெட்டுல மொத்தம் 20.5 கிராம், அதுல 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதா உப்பு, மிச்சம் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். இந்தக் கணக்கு பூரா ஒரு லிட்டருக்குப் போட்ட கணக்கு. பாதியப் பிரிச்சுப் போட்டா பாதியில எது எவ்வளவு விழும்னுகூட சொல்ல முடியாது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில இருக்கு, அதனால வாங்குனதும் மொதல்ல பாக்க வேண்டியது எத்தன தண்ணிக்குங்கறதத்தான்.

தம்பி பொழச்சுக்கிட்டான், நல்லாருக்கான். ஆனா அந்த "என்டயர்" என்ன விடல. முழுசுங்கற ஒரு வார்த்தை. அத நான் தாண்டுனேன்.

இப்ப தங்கச்சிமடத்துல சாயங்காலம் சாயங்காலம் பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன். ஐடிஐ முடிச்சவங்க, கப்பலுக்குப் போக ட்ரை பண்றவங்க, வளைகுடாவுல படகு வேலைக்குப் போகப்போறவங்க, நர்ஸிங் படிக்குற புள்ளைங்க. கதை, கவிதை, கடுதாசி எழுதுறதெல்லாம் பள்ளிக்கூடம் பாத்துக்கும். நான் பிடிவாதமா சொல்லிக் குடுக்குறது செய்முறை இங்கிலீஷ். மருந்துப் பாட்டில்ல இருக்கறது, மெஷின்மேல ஒட்டியிருக்கறது, என்ஜின் கூட வர்ற புத்தகத்துல இருக்கறது, சமையல் குறிப்பு. ஏன்னா நம்ம ஆளுங்க வாழ்க்கையில இங்கிலீஷ தப்பாப் படிச்சா கையோ காலோ உசிரோ போற எடம் இதுதான். கவிதைய தப்பாப் புரிஞ்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது.

இத எனக்கு ஒழுங்காப் படிக்கச் சொல்லிக் குடுத்தது டீச்சர் இல்ல, எங்க சித்தப்பா. அவுங்க எட்டாவதோட நின்னவங்க, விசைப்படகுல டிரைவர். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்குல்ல, அப்பத்தான் எல்லாப் படகுலயும் என்ஜின் வேலை, பெயின்ட் வேலை, வலை வேலை நடக்கும். ஒரு வருஷம் அவுங்க ஓட்டுற போட்டுக்குப் புது என்ஜின் எறக்குனாங்க, கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். நான் அப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம், இங்கிலீஷ் மெயின், ரொம்பத் தெரிஞ்ச மாதிரி போயி உக்காந்தேன். டீசல் லைன்ல காத்து புடிச்சுக்கிட்டா எடுக்குற பக்கம் வந்துச்சு. தலைப்பே "பிளீடிங் த ஃபியூவல் சிஸ்டம்". பிளீடிங்னா ரத்தம் வடியறது. நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன், சித்தப்பா படத்தப் பாத்தே சொல்லிட்டாங்க, "அது ஏர் எடுக்குறதுத்தா, மேல படி."

அடுத்து, "லூசன் த பிளீட் ஸ்க்ரூ. ஆப்பரேட் த ஹேண்ட் பம்ப் அன்டில் ஃபியூவல் ஃப்ரீ ஆஃப் ஏர் பபிள்ஸ் ஃப்ளோஸ் அவுட்." நான் சொன்னேன், ஸ்க்ரூவ லூஸ் பண்ணிட்டு கைப்பம்ப அடிக்கணும் சித்தப்பா, காத்துக் குமிழி தாராளமா வெளிய வர்ற வரைக்கும். ஃப்ரீங்கற வார்த்தைய நான் அப்பிடி எடுத்துக்கிட்டேன். சித்தப்பா கைய நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. "குமிழி வந்தா உள்ள காத்து இருக்குன்னுதான அர்த்தம்? குமிழி நிக்கிற வரைக்கும்னு இருக்கும், நல்லாப் பாரு." பாத்தேன். "ஃப்ரீ ஆஃப்"னா அது இல்லாத. குமிழி இல்லாத டீசல் வர்ற வரைக்கும். நேர் எதிர் அர்த்தத்தச் சொல்லியிருக்கேன். டிகிரி படிக்குற நான் வார்த்தையப் பாத்தேன், அவுங்க வேலையப் பாத்தாங்க.

அதோட விடல. அடுத்த வரி "டைட்டன் த ஸ்க்ரூ வைல் பம்பிங்". நான் "பம்ப் அடிச்சு முடிச்சுட்டு ஸ்க்ரூவ டைட் பண்ணணும்"னேன். "முடிச்சுட்டா, அடிச்சுக்கிட்டேவா?" அடிச்சுக்கிட்டேதான். அடிக்கிறத நிறுத்துன அடுத்த நிமிஷம் காத்து திரும்ப உள்ள போயிரும், அதனால ஒரு கை பம்புல, ஒரு கை ஸ்பேனர்ல. "வைல்"ங்கற ஒரு சின்ன வார்த்தைதான் அந்த ரெண்டு கையையும் சொல்லுது.

அன்னைக்கு முழுக்க ஒவ்வொரு வரிக்கும் சித்தப்பா கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "எதுவரைக்கும்த்தா? எதுவரைக்கும்னு எழுதியிருக்கா?" ஆயில் ஊத்துன்னா எதுவரைக்கும். ஓட விடுன்னா எதுவரைக்கும். டைட் பண்ணுன்னா எதுவரைக்கும். வேலை செய்யுறவனுக்கு என்ன செய்யணுங்கறது பெரும்பாலும் கண்ணுலயே தெரிஞ்சுரும், எங்க நிறுத்தணுங்கறதுதான் அவன் புத்தகத்துல தேடுறது. நான் என் ஓஆர்எஸ் டம்ளர அப்பத்தான் திரும்ப நெனச்சேன். கரைக்கணும்னு எனக்குத் தெரிஞ்சுது. எவ்வளவுங்கறதத்தான் தாண்டிட்டேன்.

அதனால என் க்ளாஸ்ல மொத வாரம் இந்த வார்த்தைங்க மட்டும்தான். அன்டில், அன்லெஸ், பிஃபோர், ஆஃப்டர், வைல், ஒன்லி, அப் டு, அட் லீஸ்ட், நாட் மோர் தேன். பசங்க கண்ணு தானா பெரிய வார்த்தைக்குப் போகும், தெரியாத பெயர்ச்சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போடுவாங்க. நான் அத அழிக்கச் சொல்லி இந்தக் குட்டி வார்த்தைகளுக்குக் கோடு போடச் சொல்லுவேன். வால்வுன்னா என்னன்னு மெஷின்கிட்ட போனா தெரிஞ்சுரும். "அன்லெஸ்" மெஷின்ல எங்கயும் ஒட்டியிருக்காது.

இதுல நமக்குன்னே ஒரு கஷ்டம் இருக்கு, அத யாரும் நமக்கு எடுத்துச் சொல்றதில்ல. தமிழ்ல வினை கடைசியில வரும். "பச்சை லைட்டு எரிஞ்சதும் பட்டன அமுத்து". எப்பங்கறது முன்னாடி, என்ன செய்யணுங்கறது பின்னாடி, அதனால கேக்குறவன் கை தன்னால காத்திருக்கும். இங்கிலீஷ்ல வினை வாசல்லயே நிக்கும். "பிரஸ் த பட்டன் வென் த லைட் டர்ன்ஸ் க்ரீன்." பிரஸ்னு படிச்ச உடனே கை போயிருது, பச்சை லைட்டு சங்கதி அப்புறம்தான் வருது. "ரிமூவ் த கவர் ஆஃப்டர் டிஸ்கனெக்டிங் த பவர்"னு ஒரு வரி. கவரக் கழட்டுறது எழுத்துல மொதல்ல இருக்கு, வேலையில ரெண்டாவது. கரண்ட் விஷயத்துல இந்த வரிசை மாறுனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதனாலதான் நான் பசங்ககிட்ட சொல்றது, கைய மடியில வச்சுக்கிட்டு மொதல்ல ஒரு தடவை முழுசாப் படி, ரெண்டாவது தடவைதான் செய்யணும்.

அப்புறம் ஒளிஞ்சு கெடக்குற வேலைங்க. சமையல் குறிப்புல சாமான் லிஸ்ட்டுலயே "ஒன் கப் ரைஸ், வாஷ்ட் அண்ட் சோக்ட் ஃபார் டூ அவர்ஸ்"னு இருக்கும். பாக்க ஒரு சாமான் மாதிரி, உண்மையில ரெண்டு மணி நேர வேலை. புள்ளைங்களுக்குக் குடுக்குற பவுடர் மருந்துப் பாட்டில்லயும் அப்பிடித்தான், "பாய்ல்ட் அண்ட் கூல்ட் வாட்டர்". கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி. வார்த்தைய வேகமாப் படிச்சவங்க பாய்ல்ட்ட மட்டும் புடிச்சுக்கிட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊத்துனத நான் பாத்துருக்கேன். அந்தப் பாட்டில்ல இன்னொண்ணு, கோடு வரைக்கும் ஊத்திக் குலுக்குனா பவுடர் கரைஞ்சு மட்டம் கீழ எறங்கிரும், திரும்பவும் கோடு வரைக்கும் ஊத்தணும். ரெண்டாவது தடவை ஊத்தச் சொல்றதப் பாதிப் பேர் படிக்குறதே இல்ல. அப்ப ஒவ்வொரு ஸ்பூன்லயும் மருந்து அளவு கூடிப்போகும்.

ஸ்பூன்னு சொன்னதும் ஞாபகம் வருது, டீஸ்பூன்னா 5 மில்லி, டேபிள்ஸ்பூன்னா 15 மில்லி. இங்கிலீஷ்ல ரெண்டையும் ஒரே மாதிரி மூணு நாலு எழுத்துல சுருக்கிப் போட்டுருப்பாங்க. மூணு மடங்கு வித்தியாசம் ஒரு எழுத்துல இருக்கு.

வார்த்தைங்க வேஷம் மாறுறது தனிக் கதை. பிளீடிங் சொல்லியாச்சு. கப்பலுக்குப் போற பசங்களுக்கு நான் மொத நாள் எழுதிப் போடுறது "பெயின்டர்". லைஃப் ராஃப்ட், அதான் கப்பல் முழுகுனா ஏறித் தப்பிக்கிற மிதவை, அதோட டப்பாமேல "புல் த பெயின்டர்"னு இருக்கும். பெயின்ட் அடிக்கறவர எதுக்கு இழுக்கணும்? பெயின்டர்னா கயிறு. படகு மூக்குல கட்டுற கயிறு. அந்தக் கயிறோட நுனிய கப்பல்ல உறுதியான எடத்துல கட்டிட்டுத்தான் ராஃப்ட்ட கடல்ல தூக்கிப் போடணும், அப்புறம் விடாம இழுத்துக்கிட்டே வந்தா கடைசியில ஒரு சுண்டு சுண்டி இழுத்ததும் காத்து அடைச்சு விரியும். கட்டாம தூக்கிப் போட்டா ராஃப்ட் அலையோட போயிரும். கப்பல் முழுகிக்கிட்டு இருக்கப்ப டிக்ஷனரி தேட முடியாது. எங்க ஊரு ஆளு எவனும் படகக் கட்டாம விட மாட்டான், அது கையில ஊறுனது, ஆனா அந்த ஒரு வார்த்தை தெரியலன்னா அந்த ஊறுன அறிவு அங்க வேலைக்கு ஆகாது.

கடல்ல பேசுற இங்கிலீஷுக்குன்னே ஒரு தொகுப்பு இருக்கு. ஐக்கிய நாடுகளோட கடல்சார் அமைப்பு ஐஎம்ஓ 2001ல ஏத்துக்கிட்டது, ஸ்டாண்டர்ட் மரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேஸஸ்னு பேரு. எந்த நாட்டு மாலுமியும் எந்த நாட்டு மாலுமிகிட்டயும் ஒரே அர்த்தத்துல பேசணுங்கறதுதான் நோக்கம். அதுல மே, மைட், ஷுட், குட் எல்லாம் தவிர்க்க வேண்டிய வார்த்தைங்க. ஃபேர்வேன்னா கப்பல் போற கடல் வழி. "மே ஐ என்டர் த ஃபேர்வே"ன்னு கேட்டா அது கேள்வியா, அனுமதி கேக்குறதா, இல்ல நான் நுழையலாம்னு இருக்கேன்னு சொல்றதான்னு கொழப்பம். அதனால மொதல்லயே "கொஸ்டின்"னு சொல்லிட்டு "டூ ஐ ஹேவ் பெர்மிஷன் டு என்டர் த ஃபேர்வே"ன்னு கேக்கணும். நூத்தம்பதுன்னு சொல்லக் கூடாது, ஒன் ஃபைவ் ஜீரோ. சுக்கான் புடிக்கிறவர் தனக்குச் சொன்ன ஆர்டர அப்பிடியே திரும்பச் சொல்லணும். நல்ல இங்கிலீஷ்ங்கறது வளைஞ்சு குழைஞ்சு பேசுறதுன்னு நெனச்சுக்கிட்டு வர்ற பசங்களுக்கு இதப் பாத்ததும் முகத்துல ஒரு தெளிவு வரும், நமக்கு இது வரும்னு.

ஆகாய விமான கம்பெனிக்காரங்களும் இதே மாதிரி ஒண்ணு வச்சுருக்காங்க, சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ், 1980கள்ல ஐரோப்பாவுல ஆரம்பிச்சது. உலகம் பூரா விமானத்தப் பழுது பாக்குறவங்கள்ல நிறையப் பேர் இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்கன்னு உணர்ந்து செஞ்ச வேலை. செய்முறை வாக்கியம் 20 வார்த்தைக்கு மேல போகக் கூடாது. ஒரு வாக்கியத்துல ஒரு வேலை, ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சாகணும்னா மட்டும் சேக்கலாம். ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம். "ஃபாலோ"ன்னா பின்னாடி வர்றதுன்னு மட்டும்தான், சொன்னபடி நடக்குறதுன்னு அதுல எழுதக் கூடாது. எங்க பாம்பன் துறைமுகத்துல ஏத்துற புயல் கூண்டு மாதிரிதான் இது. ஒண்ணுலருந்து பதினொண்ணு வரைக்கும், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு அர்த்தம், எழுதப் படிக்கத் தெரியாத கெழவியும் மூணாம் நம்பர் ஏத்திருக்குன்னா என்ன செய்யணும்னு சொல்லுவா.

படிக்கிறதப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கேன், எழுதுறதுக்கு வர்றேன், எனக்கு மனசுல பாரமா இருக்குறது அதுதான்.

நம்ம பசங்கள இங்கிலீஷ்ல ஒரு செய்முறை எழுதச் சொன்னா "கைண்ட்லி"ல ஆரம்பிப்பாங்க. இல்லன்னா "யூ ஷுட்", "வி ஹேவ் டு". வெறுமனே "கட் த ஆனியன்"னு எழுத அவங்களுக்குக் கை வரல, மரியாதை இல்லாத மாதிரி இருக்கு. தப்பு அவங்க மேல இல்ல. தமிழ்ல நாம "நறுக்கவும், வதக்கவும், இறக்கவும்"னு எழுதுறோம், அதுல ஒரு பணிவு இருக்கு, யாரையும் ஏவல. இங்கிலீஷ்ல அந்த "வும்" கெடையாது, வெறும் வினையே அந்த எடத்துல போதும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ரெசிபிங்கற வார்த்தையே லத்தீன்ல "எடுத்துக்கோ"ங்கற கட்டளைதான், வைத்தியர் மருந்துச் சீட்டு மேல எழுதுனது. இத சொன்னதும் பசங்களுக்கு ஒரு தைரியம் வரும். இன்ஜினியரிங் மொத வருஷத்துல எட்டு இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் எழுது, எட்டு ரெக்கமண்டேஷன்ஸ் எழுதுன்னு கேக்குறப்ப புள்ளைங்க கொழம்புறது இங்கதான், ஒண்ணுக்கு வெறும் வினை, இன்னொண்ணுக்கு ஷுட்.

இன்னொரு பழக்கம் லேப் ரெக்கார்டுலருந்து வருது. "ட்வென்டி எம்எல் ஆஃப் த சொல்யூஷன் இஸ் பிப்பெட்டட் அவுட்." இருபது மில்லி கரைசல் உறிஞ்சி எடுக்கப்படுதுன்னு அர்த்தம். செஞ்சத சொல்றதுக்கு அது சரி. செய்யச் சொல்றதுக்கு அப்பிடி எழுதுனா யாரு செய்யணும்னு தெரியாது. ஆனா அதே கெமிஸ்ட்ரி லேப்ல ஒரு அருமையான வார்த்தை இருக்கு, பெர்மாங்கனேட் டைட்ரேஷன்ல, அதான் ஒரு கரைசல இன்னொண்ணுல விட்டு அளவு கண்டுபிடிக்குறதுல, "பெர்மனன்ட் பேல் பிங்க்", நிலைச்சு நிக்கிற வெளிர் பிங்க், வர்ற வரைக்கும் சொட்டு சொட்டா விடு. பிங்க் மொதல்லயே வந்து வந்து மறையும், குலுக்குனா போயிரும். நிக்கிற பிங்க்தான் முடிவு. அந்தப் பெர்மனன்ட்டத் தாண்டுனவன் ரீடிங் தப்பு. சித்தப்பாவுக்கு அந்த லேப்ப காட்டியிருந்தா அவருக்குப் புடிச்சுருக்கும்.

பெரிய சிக்கல் வாக்கிய அமைப்பு. ஒரு புள்ள, அவ அம்மா செய்யுற பாசி வளர்ப்பப் பத்தி எழுதுனா. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிறுக்கு 20 எடத்துல விதைப்பாசி, மொத்தம் 60 கிலோ கட்டி 45 நாள்ல அறுக்குறது. தமிழ்ல வாயால சொல்லச் சொன்னேன். "மூங்கில வெட்டி, சதுரமாக் கட்டி, அடியில வலையப் போட்டு, கயித்துல பாசியப் புடிச்சுக் கட்டி, கடல்ல எறக்கி, நங்கூரம் போட்டு விட்ருவோம்." எவ்வளவு அழகு. வெட்டி, கட்டி, போட்டு, எறக்கின்னு வினையெச்சமாவே போயி கடைசியில ஒரே ஒரு முற்று. தமிழோட ஓட்டமே அதுதான். அத அப்பிடியே இங்கிலீஷ்ல கொண்டு வந்தா "கட்டிங் த பேம்பூ அண்ட் டையிங் அண்ட் புட்டிங் த நெட் அண்ட்"னு ஒரு பக்கம் ஓடுச்சு, மூச்சே விட எடமில்ல. இங்கிலீஷ்ல ஒவ்வொரு வினையும் தனியா நின்னு புள்ளி வைக்கணும். கட். டை. ஸ்ப்ரெட். அப்பிடி உடைச்சப்பத்தான் அவளுக்கே தெரிஞ்சுது, வலை எதுக்குன்னு எழுதல. மீனு பாசியத் தின்னுராம இருக்க. சங்கிலியா சொல்றப்ப ஓட்டை தெரியறதில்ல, உடைச்சு வச்சா தெரியுது. அம்மாகிட்ட போயி, எத்தன சாண் இடைவெளின்னு கேட்டா, அம்மா கைய விரிச்சுக் காட்டியிருக்காங்க. அத ஸ்கேல் வச்சு அளந்துட்டு வந்தா. அன்னைக்கு அவ எழுதுனதுதான் என் க்ளாஸ்ல நான் பாத்ததுலயே நல்ல இங்கிலீஷ்.

எச்சரிக்கைய வேலைக்கு அப்புறம் எழுதக் கூடாதுன்னு தனியா சொல்லணும். "மூடியத் திற. கவனம், சூடா நீராவி வரும்." திறந்தாச்சு, முகம் வெந்தாச்சு. மெஷின் மேல ஒட்டுற எச்சரிக்கைக்கே படி இருக்கு. டேஞ்சர்னா தவிர்க்கலன்னா சாவோ பெரிய காயமோ நிச்சயம், வார்னிங்னா அப்பிடி ஆகலாம், காஷன்னா சின்னதாவோ நடுத்தரமாவோ காயம் ஆகலாம், நோட்டிஸ்னா பொருளுக்கு மட்டும் சேதம். நாம எல்லாத்துக்கும் "எச்சரிக்கை"ன்னு ஒரே வார்த்தையப் போட்டுட்டுப் போயிருறோம்.

இப்ப நான் எழுதிக்கிட்டு இருக்குறத சொல்லணும். கீழக்கரையில என் சிநேகிதி வீடு. அவ உம்மா, அதான் அம்மா, செய்யுற தொதல்ங்கற இனிப்புக்கு ஈடு இல்ல. உம்மாவோட பேத்தி வெளிநாட்டுல பொறந்து வளந்தவ, பதினாறு வயசு, தமிழ் பேசுனா புரியும், படிக்கத் தெரியாது. அவ உம்மாகிட்ட தொதல் செய்யக் கத்துக்கணும்னு கேட்டுருக்கா, இங்கிலீஷ்ல எழுதித் தாங்கன்னு. உம்மா என்னக் கூப்பிட்டு அனுப்புனாங்க.

ரெண்டு நாள் அவங்க அடுப்படியில உக்காந்தேன். தேங்காய்ப்பால், பச்சரிசி மாவு, பனங்கருப்பட்டி. ரெண்டாம் பால்ல கருப்பட்டியக் கரைச்சு வடிகட்டணும், கருப்பட்டியில மண்ணும் தூசியும் இருக்கும்லா. அப்புறம் கிண்டுறது, கிண்டுறது, கிண்டுறது. "எவ்வளவு நேரம் உம்மா?"ன்னு கேட்டா "நேரம் யாரும்மா பாத்தா, எண்ண பிரிஞ்சு வரணும், சுருண்டு வரணும்"பாங்க. மாவு எவ்வளவுன்னா ஒரு பித்தளைச் செம்பக் காட்டுனாங்க. நான் அந்தச் செம்புல தண்ணி ஊத்தி, அளவு ஜாடியில அளந்து, அப்புறம் மாவக் கொட்டித் தராசுல வச்சு எடையும் குறிச்சுக்கிட்டேன், ஏன்னா மாவ அழுத்தி அள்ளுனா ஒரு எடை, லேசா அள்ளுனா ஒரு எடை.

முதல் தாள எழுதி அனுப்புனேன். அந்தப் பொண்ணு செஞ்சா, ஒட்டிப் பிடிச்சு பசை மாதிரி வந்துச்சுன்னு போட்டோ அனுப்புனா. தாள்ல நான் "ஒட்டாம வர்ற வரைக்கும் கிண்டு"ன்னு எழுதியிருந்தேன். அவ கேட்ட கேள்வி, எதுல ஒட்டாம வர்ற வரைக்கும்? சட்டியிலயா, கரண்டியிலயா, கையிலயா? சட்டியில ஒட்டாம சுருண்டு வந்ததுமே அவ எறக்கிட்டா. நான் போயி உம்மாகிட்ட கேட்டேன். அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, கைய மடக்கி மடக்கி விரிச்சு, அடுப்பு முன்னாடி நிக்கிற மாதிரி நெனச்சுப் பாத்துட்டு சொன்னாங்க: "சட்டியில மொதல்ல விடும். அதுக்கப்புறமும் கிண்டணும். ஒரு துளி எடுத்துத் தட்டுல வச்சு, ஆறுனதும் விரலால தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது. அதான்." நாப்பது வருஷமா செய்யுறவங்க, இத வார்த்தையா யாருக்கும் சொன்னதில்ல, பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்கு சொல்லத் தேவைப்படல.

அடுத்த சிக்கல் அடுப்பு. உம்மா "சன்னமா எரியணும்"னாங்க. அந்தப் பொண்ணு வீட்டுல கரண்ட் அடுப்பு, ஒண்ணுலருந்து ஒம்பது வரைக்கும் நம்பர். சன்னம்னா எத்தன? நம்பரப் போட்டா அவ அடுப்புக்கு மட்டும்தான் சரியா இருக்கும், அதுகூட நிச்சயமில்ல. உம்மாகிட்ட திரும்பக் கேட்டேன், தீயப் பாக்காம எப்பிடிக் கண்டுபிடிப்பீங்கன்னு. கண்ண மூடிக்கிட்டு, "சத்தம். பொட்டு... பொட்டு... ன்னு விட்டு விட்டு வரணும். படபடன்னு வந்தா தீ கூட." அதத்தான் இங்கிலீஷ்ல எழுதுனேன், குமிழி ஒண்ணொண்ணா மெதுவா வெடிக்கணும், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு மூச்சு விடுற நேரம் இருக்கணும், அதவிட வேகமாப் போனா சூட்டக் குறை. சூடான தொதல் தெறிச்சா கையில ஒட்டிக்கிட்டு வேகும், அதனால நீளக் கைப்பிடி கரண்டிங்கறத மொத வரிக்கும் மேல ஏத்திட்டேன்.

இது ஏழாவது தாள். இதுவரைக்கும் அவ செஞ்சப்பல்லாம் வீடியோ கால்ல உம்மா இருந்தாங்க, "இன்னும் கிண்டு, இன்னும் கிண்டு"ன்னு சொல்லிக்கிட்டே. அப்பிடி இருந்தா என் தாள் வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியாது. வர்ற வெள்ளிக்கிழமை அவ தாள மட்டும் வச்சுக்கிட்டுத் தனியாச் செய்யப் போறா. உம்மாகிட்ட சொல்லியிருக்கேன், அன்னைக்கு அவ எறக்கி வச்சுட்டேன்னு சொல்ற வரைக்கும் நீங்க போன் பண்ணக் கூடாதுன்னு.